மேடையும் செக்ரோலும்

நம்மவர் கூட்டும் தமிழ் மகாநாடுகளின் நிகழ்ச்சி நிரலைச் சற்று நோக்குவோம். வாழ்த்துப் பாடவும் குத்துவிளக்கேற்றவும் பெண்கள் வேண்டும். ஆராய்ச்சியுரை நிகழ்த்த மாத்திரம் ஆண்களே போதுமாம். காரணம் கேட்டால், தகுதியுள்ள பெண்கள் அகப்படவில்லை என்கின்றனர்.

1938 நவம்பர் 13இல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மகாநாடே ஈ.வெ.ரா. அவர்களுக்குப் பெரியார் என்னும் பட்டம் அளித்தது. அப்பட்டத்தை நாடோறும் சொல்லும் நாவு, பெண்களுக்கு மேடைத் தகுதி இல்லையென்று சொல்லலாமா?

நிற்க. 1928இல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். எவ்வளவு பால் கொணர்ந்தாலும், செக்ரோலில் பெண்பெயராயின் 10 சதம் குறைவு. நம் தேர்வுக் குழுக்கள் பலவும் கட்டுரையைக் காணுமுன் பெயரையே காண்கின்றன.

ஹபிள் விண்தொலைநோக்கியைப் பயன்படுத்த விரும்பியோரின் விண்ணப்பங்களை 2018இல் பெயர் மறைத்து ஆராய்ந்தனர். முந்திய ஆண்டுகளில் ஆண்களே மிகுதியாய்த் தேறிவந்த அவ்விடத்தில், அம்முறை பெண்களின் விண்ணப்பங்கள் சற்றே உயர்ந்த விகிதத்தில் தேறின.

எனினும், எழுதி அனுப்பாத கட்டுரையை எவரும் தேர்ந்தெடுக்க இயலாது. ஆதலின் ஈப்போவில் மகாநாடு கூட்டுவோர் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளையும், பழைய ரப்பர் தோட்டங்களினின்று பெயர்ந்து வந்த குடும்பங்களின் படித்த பெண்மக்களையும் நேரில் நாடி அழைப்பாராக. தேர்வு விதிகளை முன்னரே வெளியிடுவாராக. குழுவிலும் பெண்களை அமர்த்துவாராக. இவ்வளவும் செய்த பின்னரும் பெண்கள் அகப்படவில்லை என்பாராயின், அச்சொல்லுக்கு அப்போது செவி கொடுப்போம்.