அளவு தெரியாத தேன்சிட்டு

பக்கத்து வீட்டு முருங்கையை வெட்டின பிறகு எங்கள் தோட்டத்துக்குத் தேன்சிட்டு வருவது குறைந்ததா இல்லையா? போன ஞாயிறு உட்கார்ந்து இதைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். தாம்பரம் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்து 7 வருஷம். வந்ததிலிருந்து பின்வாசலில் கேமராவோடுதான் நிற்கிறேன். ஹார்ட் டிஸ்கில் 4000 படங்களுக்கு மேல் இருக்கு. பதில் அதுக்குள்ளே இருக்கணும் இல்லையா?

இல்லை. தேன்சிட்டுப் படங்கள் மட்டும் 600-க்கு மேல். எல்லாவற்றிலும் கண் துல்லியமாக இருக்கு, பின்னணி ஒரே பச்சைக் குழம்பு. எந்த மரம், என்ன பூ, பக்கத்தில் வேறு பறவை இருந்ததா, ஒன்றும் தெரியாது. கிராப் செய்த பிறகு, இடம் போதவில்லை என்று மூலக் கோப்புகளை அழித்த புண்ணியவான் நானே. சிலதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து மீட்டேன். வாட்ஸ்அப் எக்ஸிஃப் தகவலை உரித்துவிடும். அனுப்பிய தேதிதான் மிச்சம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பறவை வராத நாளுக்குப் படமே கிடையாது.

இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாம் பகிரும் தோட்டப் பறவைப் படங்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட் போட்டோக்கள். ஆள் யாரென்று தெரியும், எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று தெரியாது.

சலீம் அலியின் இந்தியப் பறவைகள் நூலை (1941, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) இதை மனசில் வைத்துத் திரும்பப் புரட்டினேன். அதில் அளவைச் சொல்கிற முறையே தனி. சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் என்று தெரிந்த பறவைகளை வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிசு என்றால் கூட்டல் குறி, சின்னது என்றால் கழித்தல் குறி. முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சென்டிமீட்டர் என்று ஒன்று இருக்கே சார்! ஆனால் மாமரத்து உச்சியில் இருப்பதை யார் ஸ்கேல் வைத்து அளப்பது? மைனாவைவிடச் சின்னது என்று ஆறு வயசுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

எங்கள் கூடத்தில் தேன்சிட்டும் செம்போத்தும் ஒரே அளவுச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கேன். வீட்டுக்கு வந்த பையன் ஒருவன், "ரெண்டும் காக்கா சைஸா அங்கிள்?" என்றான். ஒன்று 10 சென்டிமீட்டர், இன்னொன்று கிட்டத்தட்ட அரை மீட்டர். அவன்மேல் தப்பில்லை. ஜூம் லென்ஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கு.

கிட்டப்படம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டு ஆண், பெண்ணின் மங்கல் நிறத்துக்குப் போய்விடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் நிற்கும். ஒரு நொடி நிற்காத அந்தப் பறவையில் கோட்டை எனக்குக் காட்டியது லென்ஸ்தான். மறுபக்கம், குளிர்காலத்தில் செம்பருத்திப் புதருக்குள் 'சக்... சக்' என்று குரல் மட்டும் கொடுத்த நாணல் கதிர்க்குருவியை, இலை மறைத்த மோசமான படம் என்று நீக்கியதும் நான்தான். ஒரு வருகைப் பதிவு போச்சு.

கேள்விக்கு உதவிய படம் ஒன்றே ஒன்று. என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் போனில் எடுத்தது. துணிக்கொடி, அதற்குப் பின்னால் பூத்த முருங்கை, ஒரு கொத்தில் தலைகீழாகத் தொங்கும் கறுப்புப் புள்ளி. அதை அப்போது நான் கிண்டல் செய்தேன்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணச் சொல்வார்கள். அதையே இப்போது தினமும் காலையில் செய்கிறேன். முதலில் நோட்டு, பிறகு மரம் முழுசும் தெரிகிற ஒரு படம், அப்புறம்தான் ஜூம். இன்றைய பக்கம்: தவிட்டுக்குருவி 7, மைனா 4, கொண்டைக்குருவி 2, தேன்சிட்டு 0. வெட்டின முருங்கை அடியில் துளிர்விட்டிருக்கு, அதையும் எழுதினேன்.