பொன்ஜீன் ஆண்டகையும் பாடசாலை உரிமையும்

இலங்கைக் கத்தோலிக்கக் கல்வியின் சிற்பியெனப் பொன்ஜீன் ஆண்டகை போற்றப்படுகின்றார். அது பொருந்தாப் புகழன்று. ஆயின் அவர் வென்றெடுத்த உரிமை எவர்க்குப் பயன்பட்டது என்னும் வினாவைப் போற்றுவோர் எழுப்புவதில்லை.

1823இல் பிரான்சிற் பிறந்து, கோயம்புத்தூர்ப் பகுதியில் மறைப்பணி ஆற்றிய பின் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து யாழ்ப்பாணம் வந்த அவர், 1868இல் அங்கு மேற்றிராணியாராகவும், 1886இல் கொழும்பின் முதற் பேராயராகவும் உயர்ந்து, 1892இல் மறைந்தார்.

அவர் வந்த காலத்தில் அரசாங்கக் கல்வி அங்கிலிக்கன் குருமாரின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. அரசாங்கப் பாடசாலைகளில் விவிலியம் கற்பிக்கப்பட்டது. கத்தோலிக்கரோ தம் பிள்ளைகளின் விசுவாசம் குலையுமென அஞ்சினர். இந்நிலையில் அவர் முன்வைத்த வாதம் கூர்மையானது. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பாடசாலையை நடத்தட்டும். அரசாங்கம் உலகியற் கல்விக்கு மட்டும் நன்கொடை வழங்கட்டும். சமய போதனையில் அது தலையிடலாகாது. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்து, அதனைத் தொடர்ந்து நன்கொடை முறை உருப்பெற்றபோது இக்கோட்பாடே பெரிதும் வெற்றிகண்டது. தம் மந்தைக்காக வாதாடிய ஒருவர் எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்தும் ஒரு நியாயத்தைக் கூறினார் என்பது அவர்தம் பெருமை.

குறையும் ஈண்டே தொடங்குகின்றது. உரிமை யாவர்க்கும் ஒன்றேயாயினும் அதனைப் பயன்படுத்தும் வலிமை ஒன்றாயிருக்கவில்லை. கட்டடமும் ஆசிரியரும் கடல்கடந்த பொருளுதவியும் மிஷன்களிடமே இருந்தன. 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலர் அரசாங்க நன்கொடைக்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. (புரட்டஸ்தாந்தரின் கல்வி ஆதிக்கத்தை எதிர்த்த இவ்விருவரும் ஒரே நகரில் வாழ்ந்தவர் என்பது சுவையானதொரு செய்தி.) சைவர் அம்முறையின் பயனைப் பரந்த அளவில் அடைவதற்கு 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றவேண்டியிருந்தது. அதற்குள் ஓரூர்ப் பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்து வெவ்வேறு வாங்குகளில் இருந்து கற்பது வழக்கமாகிவிட்டது. இப்பிரிவு ஆண்டகையின் கோட்பாட்டினுள்ளேயே அடங்கியிருந்தது; அதனை அவர் கேடெனக் கருதவுமில்லை. கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கச் சூழலிலேயே வளரவேண்டும் என்பதே அவர்தம் விருப்பம்.

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க முற்பட்டபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்திருந்து எதிர்த்தனர். பெற்றோரின் மனச்சாட்சி உரிமை என்ற ஆண்டகையின் பழைய வாதமே மீண்டும் எழுந்தது. ஆயின் நன்கொடைப் பணத்தின் பெரும்பங்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக எவரைச் சென்றடைந்தது என்பதை நினைவிற்கொண்டிருந்த பௌத்தர் பலர்க்கு, அது உரிமையின் குரலாக அன்றிச் சலுகையின் குரலாகவே கேட்டது.