ஆங்கில வினைநிரப்பிகள்: ஒரு விதியின் எல்லை

ஆங்கிலத்தில் ஒரு வினையைத் தொடர்ந்து மற்றொரு வினை வருங்கால், அது 'டு' என்னும் சொல்லை முன்னே பெற்று எச்சமாகவோ, 'இங்' ஈறு பெற்றுத் தொழிற்பெயர் போலவோ அமையும். 'வாண்ட்' என்பது முன்னதை ஏற்கும். 'என்ஜாய்' பின்னதை ஏற்கும். இதற்குப் பயிற்றுநூல்கள் பலவும் ஒரு விதி கூறுகின்றன: இனி நிகழ இருப்பது 'டு' வடிவம் பெறும், நிகழ்ந்தது 'இங்' வடிவம் பெறும். இவ்விதி எத்துணைப் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விதிக்கு வலுவான பின்புலம் உண்டு. 'டு' வடிவம் கருதுகோளையும் 'இங்' வடிவம் மெய்ம்மையையும் சுட்டும் என டுவைட் போலிஞ்சர் 1968இல் கருத்துரைத்தார். 1970இல் கிப்பார்ஸ்கி இணையர், மெய்யெனக் கொள்ளப்படும் பொருளோடு 'இங்' வடிவத்தைத் தொடர்புபடுத்தினர். குவர்க் முதலியோரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணமும் இத்தகைய வேறுபாட்டைக் கூறுகிறது. ஆயினும் இருவடிவங்களும் வரத்தக்க இடங்களைப் பற்றியே அந்நூல் அவ்வாறு கூறிற்று. பயிற்றுநூல்களோ அவ்வரையறையைக் கைவிட்டு, எல்லா வினைகளுக்கும் விதியை விரித்துவிட்டன.

விரித்தவிடத்து விதி தளர்கிறது. 'அவாய்ட்', 'சஜெஸ்ட்', 'போஸ்ட்போன்' ஆகியவை 'இங்' வடிவத்தையே ஏற்கும். ஆனால் தவிர்க்கப்பட்ட செயல் நிகழவில்லை. பரிந்துரைக்கப்பட்டதும் ஒத்திவைக்கப்பட்டதும் இன்னும் நிகழவில்லை. மாறாக, 'மேனேஜ்' என்பது 'டு' வடிவம் ஏற்பினும் செயல் நிறைவேறியதையே உணர்த்தும்.

இருவடிவமும் ஏற்கும் வினைகளிலும் கருத்து வேண்டும். 'ரிமெம்பர்ட் டு லாக்' என்னுமிடத்துப் பூட்டுதல் நிகழ்ந்தே இருக்கிறது. நினைவு முந்தியது, பூட்டுதல் பிந்தியது. 'ரிமெம்பர்ட் லாக்கிங்' என்பதில் இம்முறை மாறும். எனவே இங்கு வேறுபடுவது நிகழ்ச்சியன்று, கால வரிசையே. 'ஸ்டாப்' என்னும் வினையை இவ்வகைக்குக் காட்டுவதும் பொருந்தாது. 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்பதில் உள்ள 'டு' தொடர் வினையின் நிரப்பியன்று. புகைப்பதற்காக நின்றான் என நோக்கம் உணர்த்தும் அடையே ஆகும்.

தமிழ் மாணவர்க்கு அவர்தம் மொழியே இதில் துணைபுரியும். 'பூட்ட மறந்தேன்', 'பூட்டியதை மறந்தேன்' என்னும் தொடர்களில் செயவென் எச்சமும் காலங்காட்டும் பெயரும் அதே வேறுபாட்டைப் புலப்படுத்துகின்றன. 'ட்ரை' என்பதன் இருபொருளும் 'திறக்க முயன்றான்', 'திறந்து பார்த்தான்' எனத் தெளிவாகப் பிரியும். 'போவதைத் தவிர்த்தான்' என்போமேயன்றிப் 'போகத் தவிர்த்தான்' என்னோம். ஆயினும் ஒப்புமைக்கும் எல்லையுண்டு: 'போகப் பரிந்துரைத்தான்' எனத் தமிழ் கூறலாம், ஆங்கிலத்தில் 'சஜெஸ்டட் டு கோ' என்பது அப்பொருளில் வழுவாகும்.

ஆகவே பாடநூலாசிரியர் இரு பகுதிகளைப் பிரித்தல் வேண்டும். ஒரே வடிவம் ஏற்கும் வினைகளைச் சொல்லோடு சேர்த்தே பயிலச் செய்வது முதற்பகுதி. இருவடிவமும் ஏற்கும் சில வினைகளில் பொருள் வேறுபாட்டை விளக்குவது இரண்டாம் பகுதி. இவ்விரண்டையும் ஒரே விதியால் மூடுங்கால், விதியை நம்பிப் பிழை செய்யும் மாணவனே விதியை நன்கு கற்றவனாகிறான்.