ஒழுக்கத்தின் பெயரால்: ஓர் ஆங்கில நாடக ஆராய்ச்சி

ஒரு நாடகத்தைத் தீயதென்று தள்ளுவதற்கு முன், அது தீமையை விரும்பச் செய்கின்றதா, அன்றி விளங்கச் செய்கின்றதா என்று ஆராய்தல் அறிவுடையோர் கடன். ஜோ ஆர்ட்டன் என்பார் இயற்றிய ‘என்டர்டெய்னிங் மிஸ்டர் ஸ்லோன்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை இவ்வளவுகோல் கொண்டே நாம் அளக்கப் புகுகின்றோம். 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மாநகரில் இது முதன்முதல் நடிக்கப்பெற்றது. ஆபாசமென்று சிலர் சீறினர். ஆர்ட்டனோ, எட்னா வெல்தார்ப் என்னும் கற்பனை அம்மையாரின் பெயரால் தம் நாடகத்தைத் தாமே கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் விடுத்தார்! அவருடைய அம்பு எவர்மீது குறிவைக்கப்பட்டது என்பதை இனி யாம் விளக்கவும் வேண்டுமோ?

கதை சிறிது. குப்பைமேட்டின் நடுவே ஒரு வீடு. அங்கே நடுவயதினளாகிய கேத், தன் முதிய தந்தை கெம்ப்புடன் வசிக்கின்றாள். ஸ்லோன் என்னும் அழகிய இளைஞன் அங்குக் குடிக்கூலிக்கு வருகின்றான். தாயின் பரிவென்று சொல்லிக் கேத் அவனை நெருங்குகின்றாள். நல்வழி காட்டுவதாகச் சொல்லி, காரோட்டும் வேலையுங் கொடுத்து, அவள் உடன்பிறந்தான் எட் நெருங்குகின்றான். சொல் இரண்டு, இச்சை ஒன்றே. ஆணை ஆண் விரும்புதல் இங்கிலாந்தில் 1967 வரை குற்றமாயிருந்தது. ஆகவே எட்டின் ஆசை போதகர் வேடம் புனைந்தது. உண்மையைக் குற்றமாக்கும் சட்டம் பொய்யைப் பயிற்றுவிக்கும் பள்ளியாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கிழவர் கெம்ப் ஸ்லோனை அடையாளங் கண்டுகொள்கின்றார்: தம் முன்னாள் முதலாளியைக் கொன்றவன் இவனே! அவர் வாயை அடக்க முயன்ற ஸ்லோன் அவரை உதைக்க, அவர் மாண்டுபோகின்றார். மக்கள் இருவரும் செய்ததென்ன? படியிலிருந்து விழுந்தாரென்று கதை புனைகின்றனர். தந்தையின் கொலையையே பிடியாகக் கொண்டு கொலைகாரனை மடக்குகின்றனர். ஆறு மாதம் எனக்கு, ஆறு மாதம் உனக்கு என்று அவனைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பிறரை ஏய்த்து வாழலாமென வந்தவன், ஏய்ப்பதில் தன்னினும் வல்லவரிடம் சிறைப்படுகின்றான். இத்துணையும் பேசப்படுவது மிக நாகரிகமான மொழியில்! வீட்டினுள்ளே பிணம், வாயிலோ கண்ணியச் சொற்கள். அச்சந் தருவது கொலையன்று. கொலைக்குப் பின்னும் குலையாத அக்கண்ணியமே.

எனினும் ஒரு குறையை நாம் மறைக்கோம். கேத் முன்னொரு காலத்தில் எட்டின் நண்பனால் ஒரு மகவைப் பெற்று, அதனை இழக்க நேர்ந்தவள். குடும்ப கௌரவத்திற்குப் பலியான இத்தாயின் துயரில் ஆசிரியர் நில்லாது விரைகின்றார். பின்னர், கண்ணாடியைக் காட்டி அவள் மூப்பை எட் இகழும் இடத்தில், சபையோரையும் அவளை நோக்கியே நகைக்க வைக்கின்றார். பொய்யை நகைத்தல் சீர்திருத்தம். முதுமையை நகைத்தல் எளியாரை எள்ளுதலாகும். ஆர்ட்டனின் கூரிய வாள் இங்கே இலக்குத் தவறியதென்றே சொல்வோம்.

ஆயினும் இந்நாடகத்தைத் தள்ளுதல் தகாது. உண்மை பேசிய கிழவர் ஒருவரே மாண்டார். கௌரவம் பேசியவர் பிழைத்தனர். குடும்ப மானம் என்று ஒருவர் வாய்திறக்குங்கால், யாருடைய நன்மைக்காக, யாருடைய வாய் அடைக்கப்படுகின்றது என்று கேட்கும் துணிவை வாசகர்கள் பெறுவார்களாக. அத்துணிவை அளிக்கும் நாடகம், ஆபாசமென்று பெயரெடுப்பினும், அறத்திற்குப் பகையன்று.