எட்டடிச் சாய்தளம்

உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்காகச் சென்ற மாதம் நடந்த ஒரு பயிலரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ஊர்க் கட்டடங்களை எப்படி மாற்றுவது என்பதுதான் பொருள். நிறைவுரை ஆற்றியவர் ஓய்வுபெற்ற அதிகாரி. இந்தத் துறையில் மனதார உழைத்தவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. "சட்டத்தைக் காட்டினால் ஊர்க்காரர்கள் முறைத்துக்கொள்வார்கள். பக்குவமாக எடுத்துச் சொன்னால் அவர்களே முன்வந்து செய்வார்கள். நம் மக்கள் ஈரமுள்ளவர்கள்" என்றார். அரங்கமே கைதட்டியது. இந்தப் பேச்சை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஆம் தேதி ஒவ்வோர் ஆண்டும் விழா மேடைகளில் இதுதான் ஒலிக்கிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதையே முன்வந்து செய்யும் தொண்டாக்கிவிடும் இந்த வழி தவறானது என்பது என் நெடுநாள் எண்ணம். அன்றைய கைதட்டலுக்குப் பிறகு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வழிக்கு உள்ள நன்மைகளை மறுக்கவில்லை. தெரியாமல் தவறு செய்கிறவர்களே அதிகம், அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அலுவலகக் கழிப்பறை வரை போய்வரச் சொன்னால் போதும், பொறியாளரின் பார்வை மாறிவிடும். பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். மனமிருந்தால் வேலையும் நடக்கிறது: சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதையைச் சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது; மாநகராட்சி அதைச் சரிசெய்து மறுபடி திறந்தது. சட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியா சாட்சி. அங்கே ஒரு மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு என்று மாநிலச் சட்டம் சொல்வதால், கடை கடையாகப் போய்க் குறை கண்டுபிடித்து வழக்குப் போடுவதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் உண்டு. இவையெல்லாம் உண்மை. என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

நண்பர் ஒருவருக்கு இளம்பிள்ளைவாதத்தில் சிறுவயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊராட்சி அலுவலகத்துக்குச் சாய்தளம் கட்டினார்கள். யாரும் வழக்குப் போடவில்லை, மனு கொடுக்கவில்லை. பயிற்சிக்குப் போய்வந்த தலைவரம்மா தானே முடிவெடுத்து, சிமெண்டும் மணலும் கேட்டு வாங்கி, மேஸ்திரியைப் பிடித்துக் கட்டிமுடித்தார். முன்வந்து செய்வது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. திறப்பன்று வாழைமரம், மேளம், ரிப்பன் எல்லாம் உண்டு. முதலில் நண்பர்தான் ஏற வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு இளைஞர்கள் பின்னாலிருந்து தள்ள, இரண்டு பேர் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள, முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப எழும்ப அவரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தலைவரம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "அண்ணே, சந்தோஷந்தானே?" என்றார். நண்பர் கைகூப்பினார்.

என் பையில் டேப்பும் ரசமட்டமும் இருந்தன. அன்றைக்கு எடுக்கவில்லை. அடுத்த வாரம் போய் அளந்தேன். கட்டடம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் சாய்தளம் முப்பது அடி இருக்க வேண்டும். கட்டியிருந்தது எட்டடி. கைப்பிடிக் கம்பி இல்லை. மேலே வழவழவென்று டைல்ஸ் பதித்திருந்தார்கள். மழை பெய்தால் கால் நன்றாக இருப்பவரே வழுக்கி விழுவார். ஏறி முடிக்கும் இடத்தில் நாற்காலி நிற்கச் சமதளம் இல்லை, ஆனால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. யாராவது தள்ளிவிடாமல் நண்பரால் அதில் ஏற முடியாது. தனியாக இறங்கினால் குப்புற விழுவார்.

நண்பரிடம் கேட்டேன், "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" அவர் திருப்பிக் கேட்டார், "எப்படிச் சொல்வது? எனக்காகக் கட்டினார்கள்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் ஊரில் பழமொழி உண்டு. முன்வந்து செய்யும் வழியின் குறை முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஒன்றை விருப்பப்பட்டுக் கொடுத்தவரிடம், வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லலாம், அளவு கேட்க முடியாது. அளவு கேட்டால் நன்றி கெட்டவர். அளவு இல்லாத சாய்தளமோ வெறும் சரிந்த சிமெண்டுப் பலகைதான். தலைவரம்மாவின் ஈரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஈரம்தான் நண்பரின் வாயை அடைத்தது. அலட்சியமாகக் கட்டியிருந்தால்கூட அவர் சண்டை போட்டிருப்பார்.

இந்த நோய் ஊராட்சியோடு நிற்கவில்லை, சட்டத்துக்குள்ளேயே புகுந்திருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அணுகல் வசதிகளைப் பொருளாதார வசதிக்கு உட்பட்டுச் செய்தால் போதும் என்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசலை அடைத்தது. விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, பணி நிறைவுச் சான்று கிடையாது என்கிறது 44ஆம் பிரிவு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் ஐந்தாண்டுக்குள் மாற வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையிலும் அபராதம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 2017 ஜூனில் வெளியான விதிகளில், 15ஆம் விதி சுட்டிய அளவுகள் பெரும்பாலும் பரிந்துரைகளாகவே எழுதப்பட்டிருந்தன. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றம் என்று எதைச் சொல்வது? ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் சத்தமில்லாமல் கடந்துபோனது. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ராதூரி வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் விதியாக்கச் சொன்னது. பார்வையற்றவரான ராதூரி வழக்குத் தொடுத்தது 2005இல். ஒரு மனிதர் பத்தொன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி வாங்கிய சொல் 'கட்டாயம்'. அந்தச் சொல்லை மேடையில் உச்சரிக்கவே கூடாது என்று இப்போது நமக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

கணக்கெடுப்பையும் இந்த மனப்பான்மை கெடுத்திருக்கிறது. பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் தகவல் படிவத்தில் சாய்தளம் உண்டா, கைப்பிடி உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு அல்லது இல்லை என்று பதில் எழுதினால் முடிந்தது. சரிவு எவ்வளவு, கீழ்முனை மண்ணில் புதைந்திருக்கிறதா, மேல்முனையில் நிலைப்படி தடுக்கிறதா என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. 'உண்டு' என்று எழுதிய பள்ளியொன்றில் சாய்தளத்தின்மேல் சத்துணவுக்கூட விறகை அடுக்கிவைத்திருந்ததைப் பார்த்தேன். தலைமையாசிரியர் பொய் எழுதவில்லை. சாய்தளம் உண்டுதான்.

பயிலரங்கில் அந்த அதிகாரி ஆற்றிய உரையில் அமெரிக்காவும் வந்தது. அங்கே மத்திய அரசின் நீதித்துறை நகரங்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களாகவே சட்டத்தைப் பின்பற்ற வைக்கிறதாம். 1999இல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்தில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் சிவிக் ஆக்சஸ்' திட்டத்தைத்தான் குறிப்பிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் அதன்கீழ் ஏற்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது நடக்கும் விதத்தை முழுதாகச் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி ஊர் நிர்வாகங்கள் கட்டட மாற்றங்களை முடிக்க 1995 ஜனவரி 26 வரை கெடு இருந்தது. முடிக்காத ஊர்கள் ஏராளம். அதன் பிறகுதான் நீதித்துறையின் ஆட்கள் நேரில் போய் நகர்மன்றம், நூலகம், நீதிமன்றம், கழிப்பறை என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். எந்தக் கதவு எத்தனை அங்குலம் குறைகிறது, எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்திட்ட ஊர் அறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் வழக்கு. மேசையில் நடந்தது இதமான பேச்சுதான். பேச வந்தவரின் கையில் சட்டமும் டேப்பும் இருந்ததால்தான் ஊர் காதுகொடுத்தது. நாம் அங்கிருந்து பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கட்டாயம் என்றாலே நாளைக்கே எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவது என்று பயமுறுத்துவது இந்தத் தரப்பின் வழக்கம். அதே அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரம் தன் நடைபாதைகளுக்காக வழக்கில் தோற்றது. பிறகு 2004இல் ஏற்பட்ட சமரசத்தில், போக்குவரத்து நிதியில் ஆண்டுக்கு 20 விழுக்காட்டை 30 ஆண்டுகள் வரை ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டது. முப்பது ஆண்டு! கட்டாயமும் பொறுமையும் ஒன்றாக இருக்க முடியும். தொகையும் தேதியும் மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு அந்தச் சாக்குக்கூடக் கிடையாது. அடித்தளம் போடும்போதே உயரத்தைக் குறைத்து, வாசலை அகலமாக்கினால் ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டட விதிகளில் இதற்கான ஏற்பாடுகளும் இருக்கின்றன. வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அளவு தவறினால் போடமாட்டேன் என்று சொன்னாலே போதும். அதைச் சொல்லவைக்காமல் அவருக்குப் பயிற்சி, பயிற்சி, மேலும் பயிற்சி என்று ஆண்டுகளைக் கடத்துகிறோம்.

சென்னையில் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கின. அதற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடத்திய வழக்கு இருக்கிறது. போக்குவரத்துக் கழகத்தின் ஈரம் ஒருநாள் சுரக்கும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் நிறுத்தத்தில்தான் நின்றிருப்பார்கள்.

நான் கடுமையாகப் பேசுவதாக அந்த அதிகாரி நினைக்கலாம். கைகூப்பிய நண்பரின் முகத்தைப் பார்த்தவன் நான். ஐம்பது வயது மனிதர், தன் சொந்த ஊர் அலுவலகத்துக்குள் நான்கு பையன்கள் தூக்கிப்போக நுழைந்து, அதற்காக நன்றியும் சொன்னார். சான்றிதழ் வாங்க வந்த மற்றவர்கள் யாருக்கும் நன்றி சொல்லாமல் படியேறிப் போனார்கள். அவர்கள் வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள்; அவரும்தான்.

2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. நண்பரும் விண்ணப்பித்திருக்கிறார். உறுப்பினரானால் கூட்டத்துக்கு அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சென்ற வாரம் வீட்டுக்கு வரச்சொல்லி, மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதித் தரச் சொன்னார். தலைவரம்மாவைக் குறை சொல்லி ஒரு வரிகூட வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். 'தக்க சாய்தளம் அமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரிக்கு வந்ததும் பேனாவை வாங்கி, 'தக்க' என்பதை அடித்துவிட்டு 'முப்பது அடி நீளமுள்ள' என்று எழுதினார்.