‘கருக்கு’ காட்டும் விடுதலை

‘உன்னால் முடியும்’ என்று முழங்கும் தன்னம்பிக்கை நூல்களுக்கு நம் புத்தகக் கடைகளில் பஞ்சமில்லை. அவற்றைப் படித்து ஊக்கம் பெறுவோரும் பலர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ‘நீ தாழ்ந்தவள்’ என்று பிறந்த நாள் முதல் ஊரே சொல்லிச் சொல்லி நம்பவைத்த ஒருத்தி, தன்னைத் தானே நம்பத் தொடங்குவது எவ்வாறு? இவ்வினாவோடு, 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ என்னும் தன்வரலாற்று நூலை மீண்டும் படித்தேன்.

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. ஆசிரியராகப் பணியாற்றியபின், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் வேட்கையோடு துறவற சபையில் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் அங்கிருந்து வெளியேறினார். அந்த வேதனையிலிருந்து பிறந்தது இந்நூல். பனைமட்டையின் இருபுறமும் அரம் போல் அமைந்த கூர்மையே கருக்கு. அதனை எபிரேயர் திருமுகம் 4:12 பேசும் இருபுறக் கூர்வாளோடு ஆசிரியர் முன்னுரையில் இணைத்துக் காட்டுகிறார்.

நூலின் மறக்கவொண்ணாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் காண்கிறாள். அது அவளுக்கு வேடிக்கையாகப் படுகிறது, சிரிக்கிறாள். தீட்டுப் பட்டுவிடும் என்பதாலேயே அப்படித் தூக்கிச் செல்கிறார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்று சினம் மூள்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற முழக்கம் எதுவும் அங்கே இல்லை. ‘இது உண்மையன்று’ என்ற தெளிவு மட்டுமே இருக்கிறது. பாமாவின் தன்னம்பிக்கை முளைவிட்ட இடம் அதுவே என்பேன். பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் பொய்யை நம்ப மறுப்பதே தன்னை நம்புவதன் முதற்படி.

கற்று உயர்ந்தால் இழிவு அகலும் என்கிறார் அண்ணன். அவளும் ஊக்கத்தோடு படித்து வகுப்பில் முதலிடம் பெறுகிறாள். ஆனால் படிப்பு மட்டும் அவளை விடுவிக்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையிலும், துறவற இல்லத்தின் பேச்சுகளிலும் சாதி அவளைத் தொடர்ந்தே வருகிறது. தனிமனித முயற்சி ஒன்றே போதும் என்போர் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது விடுதலை, இறைவனைப் பற்றிய பார்வையில் நிகழ்கிறது. குழந்தைப் பருவத்தில் அவளுக்குக் கற்பிக்கப்பட்டவர் குற்றங்களைக் கணக்கெடுத்துத் தண்டிக்கும் கடவுள். பேயும் பாவமும் நரகமும் அவளை அஞ்சவைத்தன. வளர்ந்தபின்னரோ, பணிவையும் பொறுமையையும் போதித்தவர்கள், ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்ற இயேசுவைச் சொல்லாமல் விட்டதை உணர்கிறாள். இறைவன் தன்னை இழிந்தவளாகப் படைக்கவில்லை என்று கண்டபோது, அச்சம் உதிர்கிறது. ஆன்மிக நோக்கு என்பது துன்பத்தைப் பாராமல் கண்மூடி இனிய எண்ணங்களை வளர்ப்பதன்று. இறைவன் நம்மைப் பார்ப்பதுபோல் நாமும் நம்மைப் பார்ப்பதே அது.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. நிகழ்ச்சிகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. ஒரே மனக்குமுறல் பலமுறை திரும்புகிறது. துறவற வாழ்வை ஒருபுறமாகவே காட்டுகிறது என்போரும் உளர். ஏழைகளோடு ஏழைகளாய் உழைக்கும் அருட்சகோதரிகளை அறிந்தோர்க்கு அக்குறை உறுத்தவே செய்யும். ஆனால் இது ஒருவர் பட்டதன் சாட்சியம், சபை வரலாறன்று. கூறியது கூறல் இலக்கணத்தில் குற்றமாயினும், ஆறாத புண்ணைத் தொடும் கை மீண்டும் அங்கேயே செல்வது இயல்பு. எழுத்துத் தமிழை விட்டுத் தம் தெருவின் பேச்சுத் தமிழிலேயே முழு நூலையும் எழுதிய துணிவும் தன்னம்பிக்கையின் வெளிப்பாடே.

வெற்றி முழக்கத்தோடு நூல் முடியவில்லை என்பதே அதன் பெரும் நேர்மை. வெளியே வந்தவளுக்கு வேலையில்லை. நாளை பற்றிய உறுதியில்லை. தன்மானத்தோடு வாழலாம் என்பது மட்டுமே கையிருப்பு. விடுதலைக்கு விலை உண்டென்பதைத் தன்னம்பிக்கை நூல்கள் பல சொல்வதில்லை. ‘கருக்கு’ மறைக்காமல் சொல்கிறது. அதன்பின் ‘சங்கதி’, ‘கிசும்புக்காரன்’, ‘வன்மம்’ என அவர் எழுத்து தொடர்ந்தது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டுத் திரு அவைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஏற்றுக்கொண்டது. ‘கருக்கு’ வந்து அப்போது இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் இதை ஆயர்களுக்கும் துறவியர்க்கும் உரிய நூல் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. திருமணப் பேச்சில் முதலில் சாதியை வினவுவோர் யார்? கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கோர் இடம் கேட்போர் யார்? பொதுநிலையினராகிய நாமே அல்லவா?

தன்னை நம்ப ஒருத்தி இத்துணை பாடுபட வேண்டியிருந்தது எனில், அந்த நம்பிக்கையைப் பறித்த கைகளில் நம் கையும் உண்டா என்று பார்ப்பது நம் கடமை. கருக்குக்கு இருபுறமும் கூர்மை உண்டு. ஒருபுறம் அவரது கட்டை அறுத்தது. மறுபுறம் நம் மனச்சான்றை அறுக்கட்டும்.