முகத்துவாரமும் மீன்முள் வாய்க்காலும்

மார்கழி அடைமழை நாலு நாள் விடாமல் பெய்தால் மட்டக்களப்பில் ஒரு கேள்வி எழும்பும்: "முகத்துவாரம் வெட்டியாச்சா?" தேத்தண்ணிக் கடையில் கேட்கும், பஸ்ஸில் கேட்கும், கலியாண வீட்டிலும் கேட்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே பாலமீன்மடுவில் கிடப்பது ஒரு மணல்திட்டு. கோடை முழுக்க அலை கொண்டுவந்து குவித்த மணல். முந்தனையாற்று வெள்ளமும், திறந்துவிட்ட குளங்களின் வான்கதவுத் தண்ணீரும் சேர்ந்து வாவியை நிரப்ப, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக நெல் கழுத்தளவு மூழ்கத் தொடங்கும். கமக்காரர்கள் கச்சேரிக்குப் போவார்கள். கூட்டம் நடக்கும். பிறகு பெக்கோ வரும்.

வெட்டுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பெக்கோ தோண்டுவது ஒரு சின்ன வாய்க்கால்தான். எட்டிக் கால் வைத்தால் தாண்டிவிடலாம் போல இருக்கும். முதலில் தண்ணீர் தயங்கித் தயங்கி ஊரும். கொஞ்ச நேரத்தில் கரை ஓரமாக மணல் பாளம் பாளமாகச் சரியும். தண்ணீரே தன் வழியை அகலமாக்கிக்கொள்ளும். பெக்கோவுக்கு அதற்கு மேல் வேலை இல்லை, சாரதி பின்னால் எடுத்துவிடுவார். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே ஓர் ஆறு ஓடும், கடலுக்குள் செம்மண் நிறத்தில் நெடுந்தூரம் நாக்கு நீட்டியபடி. வாயடியில் வீச்சுவலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். உள்ளே தள்ளி, வாவி நடுவே தொழில் செய்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல்: வளர்ந்துகொண்டிருந்த இறாலும் மீன்குஞ்சும் அந்த ஓட்டத்தோடு போய்விடும் என்பது அவர்கள் முறைப்பாடு. இன்னொரு கணக்கும் உண்டு. வாய் திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும், உப்பு ஏறும், கண்டலுக்கு வற்றுப்பெருக்குத் தண்ணீர் கிடைக்கும்.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் உயிர்கள் எல்லாவற்றையும் பாதிக்கிற முடிவு ஆண்டுதோறும் எடுக்கப்படுவது அந்த மணல்திட்டில்தான். அதை யாரும் சூழல் பாதுகாப்பு என்று சொல்வதில்லை, வெள்ளத் தடுப்பு என்கிறார்கள். பாதுகாப்பு என்றால் கன்று நடுவது, படம் எடுப்பது, பெயர்ப்பலகை வைப்பது. (இந்த வாவியின் பாடும் மீனைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலும் இதே சொல்தான், முகத்துவாரம். அங்கேயும் மணல் அடைக்கும். ஆனால் அங்கே கேள்வி தலைகீழ். திறந்து வைத்திருக்கச் சொல்லி வருடக்கணக்காகப் போராடியவர்கள் மீனவர்களே; படகு கடலுக்குப் போக வழி வேண்டும், ஏரிக்குள் மீன் வர வழி வேண்டும். பெக்கோவுக்குப் பதிலாக அவர்கள் வாயில் ஜேசிபி. நாம் களப்பு, வாவி என்பதை அவர்கள் ஏரி என்கிறார்கள். கொழும்பிலிருந்து போன ஒருவர் ஏரி என்ற சொல்லைக் கேட்டு நன்னீர் என்று நினைத்து வாயில் வைத்துப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நல்ல கதை.

ஆனால் நமக்குப் பாடம் பழவேற்காட்டை விடப் பிச்சாவரத்தில் அதிகம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 1,100 ஹெக்டேர் அளவில் ஓர் அலையாத்திக் காடு, நாம் கண்டல் என்பதுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு திரும்ப முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. ஏன் முளைக்கவில்லை என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே பதில்: சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். கேட்ட பதில்தானே! எந்தக் காடு அழிந்தாலும் முதலில் கை நீளுவது பக்கத்துக் குடிசையை நோக்கித்தான்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் தண்ணீரையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வெளிவந்தது. மரத்தை மொட்டையாக வெட்டியதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி, நிலம் நடுவில் தாம்பாளம் போலக் குழிந்து இறங்கியது. பெருக்கில் உள்ளே வந்த கடல்தண்ணீர் வற்றில் வெளியேற வழியின்றி அந்தத் தாம்பாளத்தில் தங்கியது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டது, உப்பை விட்டுவிட்டது. அடுத்த பெருக்கில் இன்னும் கொஞ்சம் உப்பு. வருடங்கள் போக, எந்த விதை விழுந்தாலும் கருகுகிற உப்புத்தரை ஆகிவிட்டது. குற்றவாளி ஊர்க்காரர் இல்லை, காட்டைக் காத்தவர்கள் வகுத்த வெட்டு முறையேதான்.

மருந்தும் எளிமையானது. குழிந்த நிலத்தின் ஊடாக ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். அதன் இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். பெருக்கில் தண்ணீர் உள்ளே போய், வற்றில் வெளியே வந்தது. உப்பு இறங்கியது. வாய்க்கால் ஓரமாக வெண்கண்டலை வைத்தார்கள், அது பிடித்துக்கொண்டது. முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் அந்த வாய்க்காலை வெட்டியவர்கள், அதுவரை காட்டை அழித்ததாகப் பழி சுமந்த அதே ஊர்க்காரர்கள். இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு 1996 முதல் சில ஆண்டுகள் வனத்துறையும் நிறுவனமும் ஊர்க்குழுக்களும் சேர்ந்து இதைச் செய்தார்கள். முத்துப்பேட்டையிலும் இதே வழி.

அந்த ஊர்களில் ஒன்று எம்ஜிஆர் நகர், இருளர் குடியிருப்பு. அவர்கள் இறால் பிடிப்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வலை கிடையாது, தோணி கிடையாது. மார்பளவு, சில இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, அடிச்சேற்றில் இரண்டு கையாலும் துழாவுவார்கள். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள்; கையில் இறால் அகப்பட்டதும் பறிக்குள் போகும். விரலுக்குச் சேற்றின் உப்பும் சூடும் தெரியும். எந்த ஓடையில் தண்ணீர் தேங்கிக் கெட்டது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் அளவுகருவி வரும் முன்பே சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

2004 டிசம்பர் 26, சுனாமி. அங்கே காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. காட்டுக்கு முன்னால், கடற்கரை மணலில் இருந்த முழுக்குத்துறையும் எம்ஜிஆர் திட்டும் அடிபட்டன. இங்கே நம் நாவலடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு கீற்று மணல். எம்ஜிஆர் திட்டும் அதே மாதிரி இடம்தான். நாவலடியில் என்ன மிஞ்சியது என்று நமக்குத் தெரியும்.

அதன் பிறகுதான் இலங்கையில் கன்று நடும் காலம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் வந்தது, தொண்டு நிறுவனங்கள் வந்தன. யுத்தத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரமும் முகாம் ஓரமும் வெட்டி வெளியாக்கப்பட்ட கண்டல் கரைகள் எப்படியும் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொப்பி போட்டு வரிசையாக நின்று கண்டல் தண்டுகளைச் சேற்றில் குத்தினார்கள். நீளமான தண்டு, பொறுக்குவதும் குத்துவதும் சுலபம், படத்திலும் அழகாக விழும். அது எந்த உயரத்தில் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குள் நிற்கும் என்று கேட்டவர் குறைவு.

ருகுணு பல்கலைக்கழகத்தின் கொடிகாரவும் உடன் ஆய்வாளர்களும் சுனாமிக்குப் பின் நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இது: 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் உயிரோடு நின்றது 200, 220 ஹெக்டேர் மட்டும். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடங்களில். பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு ஆள் இல்லை, மாடு மிதித்தது. படுவான்கரை மாடு தண்டு எது, புல் எது என்று பார்த்து மேயாது என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். நடவுக் கூட்டத்துக்கு மாட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தால் போதும்.

இலங்கை இன்னொரு வழியும் போனது, அது தமிழ்நாட்டில் இந்த அளவில் இல்லை. 2015இல் சிலாபத்துச் சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீகோலஜியும் அரசும் சேர்ந்து, நாட்டிலுள்ள 8,815 ஹெக்டேர் கண்டலையும் காப்பதற்கு ஓர் ஏற்பாடு செய்தன. 1,500 ஊர்களில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும். பதிலுக்கு அவர்கள் தங்கள் கரைக் கண்டலை வெட்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல யோசனை. விறகுக்கு அலைகிறவளிடம் காட்டைக் காக்கச் சொன்னால், அவள் அடுப்புக்கும் வழி சொல்லத்தானே வேண்டும். கிழக்கில் யுத்தம் விதவையாக்கிய பெண்களுக்குச் சிறுகடன் என்ற சொல்லே நடுக்கம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிழமைக்குக் கிழமை வட்டி கேட்டு வாசலில் வந்து நின்ற நுண்கடன் கம்பனிகளை யாரும் மறக்கவில்லை. கடன் மரத்துக்கு வேலி ஆகலாம். ஆனால் கடன் வாங்கியவளுக்கு முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்பதில் ஒரு பேச்சும் இல்லை. பிச்சாவரத்துக் குழுவில் இருந்த பெண், வாய்க்கால் எங்கே போக வேண்டும் என்பதற்குக் கை தூக்கினாள். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது அதுதான்.

உடனே தமிழ்நாட்டைத் தூக்கி வைக்கவும் மனம் வரவில்லை. பிச்சாவரத்து வாய்க்கால் ஒருமுறை வெட்டினால் முடிகிற காரியமில்லை. சில வருடத்தில் சேறு அடைக்கும், தூர் வார வேண்டும். திட்டப் பணம் இருந்தவரை ஊர்க்குழு இருந்தது. பணம் நின்ற பிறகு தூர்வாருவது வனத்துறையின் கையில், அதன் நிதியில். காடு சட்டப்படி வனத்துறையுடையது, ஊர் அதில் விருந்தாளி. 2022இல் பிச்சாவரம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் வாவி அந்தப் பட்டியலில் இல்லை; சேர்ந்தாலும் பெக்கோ வரும் நாளை ராம்சார் தீர்மானிக்கப் போவதில்லை.

ஊர் தானே வகுத்த ஏற்பாடு என்றால் பழவேற்காட்டுப் பாடு முறையைச் சொல்லலாம். இறால் ஓடுகிற இடங்களைப் பாடு என்று பிரித்து, உரிமையுள்ள ஊர்கள் முறை வைத்துத் தொழில் செய்யும். நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்குப் பாடு உண்டு. கிழக்கில் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் பாடு என்றே பெயர். பழைய சொல், பழைய அறிவு: எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போட்டால் ஒருவருக்கும் மீன் இல்லை. ஆனால் பாட்டுக்குள் யார், வெளியே யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. பழவேற்காட்டில் உரிமை பட்டினவருக்கு, இருளர் வெளியே. மட்டக்களப்பு வாவியில் அப்படி இறுக்கமான ஒன்று இல்லாமல் போனது ஒரு வகையில் விடுதலை, ஒரு வகையில் நட்டம். தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை, 2006 முதல் சட்டப்படி தடை. திணைக்களப் படகு வரும் நாளில் வாவியில் அந்த வலை இராது. மற்ற நாளில் இருக்கும். சங்கங்கள் உண்டு, தலைவர் உண்டு, புத்தகம் உண்டு. பக்கத்து ஊரான் தங்கூசி போட்டால் "எடு" என்று சொல்லும் வலு அந்தச் சங்கத்துக்கு இல்லை.

இறால் பண்ணை விஷயத்திலும் இரு கரையும் வேறு வேறு வழியில் வந்தன. நாகப்பட்டினத்துப் பக்கம் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கிராமத்தவரோடு சத்தியாக்கிரகம் இருந்து, வழக்குப் போட்டு, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திடம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். புத்தளம், சிலாபத்தில் பண்ணைகள் கண்டலைத் தின்றன. நம் வாவிக் கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவில் ஒரு பண்ணை இருந்தது. 1987 ஜனவரியில் அங்கே நடந்த படுகொலையைச் சொல்லாமல் அந்தப் பண்ணையைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அந்தக் கரையில் இன்று யாராவது வரைபடத்தை விரித்து, வலயம், மேலாண்மை, பங்கேற்பு என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் பார்ப்பது சொல்கிறவரின் முகத்தை.

படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா இருக்கிறார். மூன்று ஏக்கர் தாழ்நில வயல், ஒரு தோணி, நாலு வலை. பெரும்போகத்தில் கமக்காரர், மற்ற நாளில் மீன்காரர். போன மாரியில் வெள்ளம் ஏறியபோது, வெட்ட வேண்டும் என்று கச்சேரிக்குப் போன மனுவில் முதல் வரிசையில் கையெழுத்துப் போட்டவர் அவர். மழை விட்டு ஒரு வாரத்தில் வாடியடியில் சந்தித்தேன். தோணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, தொழிலுக்குப் போகல்லையா?"

"எங்க மகன் போற? எல்லாத்தையும் வெட்டிக் கடலுக்க விட்டுட்டானுகள்."

யார் விட்டது என்று நான் கேட்கவில்லை. அவரே கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார். பிறகு, இரண்டு நாள் முந்தி, கொஞ்சம் ஆழம் குறைத்து, தெற்கே உள்ள கல்லாற்று வாயையும் பார்த்துக்கொண்டு வெட்டியிருந்தால் வயலும் தப்பியிருக்கும், இறாலும் நின்றிருக்கும் என்று மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அதைக் கூட்டத்தில் சொன்னீர்களா என்றேன்.

"கூட்டத்தில கமக்காரனுக்கு ஒரு பக்கம் கதிரை, மீன்காரனுக்கு மறுபக்கம். நான் எதில இருக்கிற?"